‘அரைவல்’ திரைப்படமும் மொழியியலும்: நிறையும் குறையும்

வேற்றுக்கோள் உயிர்கள் பூமிக்கு வந்து இறங்கும் திரைப்படங்களில் முதலில் அழைக்கப்படுபவர் பெரும்பாலும் இயற்பியல் அறிஞர், அடுத்தவர் படைத்தலைவர். மொழி என்னும் இடர்ப்பாடு அங்கே எழுவதே அரிது. வந்தவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். இல்லையேல் எப்பேச்சையும் நொடிப்பொழுதில் பெயர்த்துத் தரும் கருவி ஒன்று எவர் கையிலாவது இருக்கும். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அரைவல்’ இவ்வழக்கத்திலிருந்து விலகிய படம். ‘வருகை’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படத்தைக் கனடா நாட்டு இயக்குநர் டெனி வில்னெவ் இயக்கினார். டெட் சியாங் 1998இல் எழுதிய குறுநாவலைத் தழுவித் திரைக்கதையை அமைத்தவர் எரிக் ஹைசரர். எட்டு ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று, ஒலித்தொகுப்புக்கான விருதை வென்றது. இதில் உலகப் போரைத் தடுப்பவர் ஒரு மொழியியல் பேராசிரியர்.

மொழியியல் அறிமுக வகுப்புகளில் இப்படத்தை எடுத்துக்காட்டாகக் கூறும் வழக்கம் பரவியுள்ளது. அதில் தவறில்லை. ஆயினும் படத்தைப் பார்த்த மாணவர்கள் அதிலிருந்து எடுத்துச் செல்வது பெரும்பாலும் ஒரே ஒரு கருத்தைத்தான்: நாம் பேசும் மொழியே நம் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்பது. படத்தின் மிகப் பலவீனமான பகுதி அதுவே என்பது என் கருத்து. மிகச் சிறந்த பகுதியோ பலர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவைச் சொல்லாமல் இப்படத்தை ஆராய இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதையின் சுருக்கம் இது. உலகின் பன்னிரண்டு இடங்களில் பெரிய கருங்கலன்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு புல்வெளியின் மேல் மிதக்கிறது. பதினெட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அதன் கதவு திறக்கும். உள்ளே கண்ணாடி போன்ற ஒரு திரைக்கு அப்பால் ஏழு கால்களை உடைய இரண்டு உயிர்கள். அவற்றை எழுகாலிகள் என்று அழைப்போம். லூயிஸ் பேங்க்ஸ் என்னும் மொழியியலாளரும் (நடிப்பு: ஏமி ஆடம்ஸ்) இயன் டானலி என்னும் இயற்பியலாளரும் (ஜெரமி ரென்னர்) கர்னல் வெபர் என்னும் படை அதிகாரியின் (ஃபாரஸ்ட் விட்டேக்கர்) கீழ் அவற்றோடு பேச முயல்கிறார்கள். அவை எழுதும் வட்ட வடிவ எழுத்தைக் கற்கக் கற்க, லூயிஸ் காலத்தையே வேறு விதமாக உணரத் தொடங்குகிறார். நடுநடுவே தோன்றும் அவருடைய இறந்துபோன மகளைப் பற்றிய காட்சிகள் கடந்த கால நினைவுகள் அல்ல, இனி நடக்கப்போகிறவை என்பது இறுதியில் தெரியவருகிறது.

ஒரு கேள்வியைப் பிரித்துக் காட்டும் காட்சி

முதல் நிறை, படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. வெபர் ஓர் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டி, இதன் பொருள் என்ன என்று லூயிசைக் கேட்கிறார். பதிவைக் கேட்டு மட்டும் சொல்ல இயலாது, அவர்களை நேரில் கண்டு பழக வேண்டும் என்பது அவருடைய விடை. மொழியியல் களப்பணியின் அடிப்படை விதி இது. அறியாத மொழியின் ஒலிகளை ஆயிரம் மணி நேரம் கேட்டாலும் பொருள் தானாகப் பிறப்பதில்லை. சொல்பவரும் கேட்பவரும் ஒரே பொருளை நோக்கி நிற்கும்போதுதான் சொல்லுக்குப் பொருள் ஏற்படுகிறது. மொழியியலாளர் என்றால் பல மொழி பேசுபவர், எதைக் கொடுத்தாலும் பெயர்த்துத் தருபவர் என்ற பொதுமக்களின் எண்ணத்தை அந்த ஒரே உரையாடல் திருத்திவிடுகிறது. (பின்னர் அதே படம் லூயிசைப் பல மொழி சரளமாகப் பேசுபவராகக் காட்டி அவ்வெண்ணத்தை மீண்டும் வளர்க்கிறது என்பது வேறு செய்தி.)

அடுத்து வருவதே படத்தின் மிகச் சிறந்த காட்சி என்பேன். நடத்தல், உண்ணல் போன்ற தொடக்கநிலைச் சொற்களைக் கற்பித்துக்கொண்டு ஏன் காலத்தை வீணாக்குகிறீர்கள் என்று வெபர் சினக்கிறார். பூமிக்கு நீங்கள் வந்த நோக்கம் என்ன என்பது ஒன்றே அவருக்குத் தெரிய வேண்டும். லூயிஸ் அந்தக் கேள்வியை வெண்பலகையில் எழுதி, அதை ஒவ்வொரு கூறாகப் பிரித்துக் காட்டுகிறார். முதலில், கேள்வி என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பிறகு, முன்னிலைப் பெயர் எதிரில் நிற்கும் ஒருவரைக் குறிக்கிறதா, வந்த அனைவரையும் குறிக்கிறதா என்பது விளங்க வேண்டும். நோக்கம் என்ற கருத்து அவர்களிடம் உண்டா, அன்றி அவர்கள் இயல்பூக்கத்தால் மட்டுமே இயங்குபவர்களா என்பதும் தெரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகு, அவர்கள் தரும் விடையைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நம்மிடம் சொற்கள் இருக்க வேண்டும்.

இதையே தமிழில் செய்து பார்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘பூமிக்கு நீங்கள் வந்த நோக்கம் என்ன?’ என்னும் தொடரைப் பலகையில் எழுதுங்கள். ‘நீங்கள்’ என்பது பலரைக் குறிக்கலாம். மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கலாம். மதிப்பு என்ற கருத்தே இல்லாத ஓர் உயிருக்கு இந்த ஈரடித்தன்மையை எவ்வாறு விளக்குவது? ‘வந்த’ என்னும் பெயரெச்சம் இன்னும் கடினமானது. ‘வந்த ஆள்’ என்றால் வந்தது ஆள். ‘வந்த வழி’ என்றால் வந்தது வழியன்று, வழியால் வந்தது வேறொருவர். ‘வந்த நாள்’, ‘வந்த வண்டி’, ‘வந்த நோக்கம்’ என ஒவ்வொன்றிலும் எச்சத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவு வேறு. அந்த உறவைக் காட்டும் உருபு எதுவும் அங்கில்லை. உலகறிவைக் கொண்டே நாம் அதை நிரப்பிக்கொள்கிறோம். ‘நோக்கம் என்ன’ என்பதில் வினைச்சொல்லே கிடையாது. ஐந்து சொல் கொண்ட ஒரு கேள்விக்குள் இத்தனை இலக்கணம் அடங்கியிருக்கிறது என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு பாடவேளையில் கண்டுகொள்வர்.

லூயிஸ் தன் பாதுகாப்பு உடையைக் கழற்றிவிட்டுத் திரையருகே சென்று, மனிதன் என்ற சொல்லுக்குப் பின் தன் பெயரை எழுதிக் காட்டுவதும் இவ்வகையில் நுட்பமானதே. தன்னைச் சுட்டிக்காட்டி ஒரு சொல்லைச் சொன்னால் அது இனப்பெயரா, இயற்பெயரா, ‘நிற்கிறேன்’ என்பதா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? மெய்யியலாளர் குவைன் 1960இல் எழுப்பிய புகழ்பெற்ற சிக்கல் இது. ஓடும் முயலைக் கண்ட ஒருவர் புதிய சொல் ஒன்றைச் சொன்னால், அது முயலைக் குறிக்கலாம், முயலின் உறுப்பைக் குறிக்கலாம், ‘ஓடுகிறது’ என்பதையும் குறிக்கலாம்.

இதே இடத்தில்தான் முதற்குறையும் தொடங்குகிறது. பெயரிலிருந்தும் எளிய வினையிலிருந்தும் காலம், கொடை, ஆயுதம் போன்ற அருவச் சொற்களுக்கு அவர்கள் எவ்வாறு சென்றார்கள்? மிகக் கடினமான இப்பகுதியைப் படம் இயனின் பின்னணிக் குரலோடு சில நிமிடத் தொகுப்புக் காட்சிகளில் கடந்துவிடுகிறது. பரபரப்புப் படத்துக்கு வேகம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வேகத்தின் அளவை ஒப்பிட ஒரு செய்தி: நீலகிரியின் தோடர் மொழியை எம். பி. எமனோ களத்தில் ஆராய்ந்தது 1930களில். அதன் இலக்கணமும் நூற்பகுதிகளும் நூலாக வெளிவந்தது 1984இல். தோடர் மொழி திராவிட மொழிதான். பேசுபவர்கள் மனிதர்கள்தாம்.

கங்காருவும் ஆநிரையும்

படத்தில் இரண்டு சிறு சொற்கதைகள் வருகின்றன. இரண்டும் இரண்டு நிமிடம்கூட நீடிப்பதில்லை. எனினும் மாணவர்கள் அவற்றையே நினைவில் வைத்திருப்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதற்கதை கங்காரு. கேப்டன் குக்கின் மாலுமிகள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் துள்ளும் விலங்கின் பெயரைக் கேட்டார்களாம். அவர்கள் ‘கங்காரு’ என்றார்களாம். அச்சொல்லுக்குப் ‘புரியவில்லை’ என்று பொருளாம். அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்று வெபருக்கு எச்சரிக்கை விடுக்கிறார் லூயிஸ். வெபர் நகர்ந்த பின், அது உண்மைக் கதையன்று என்று இயனிடம் ஒப்புக்கொள்கிறார். படத்தில் எனக்குப் பிடித்த நகைச்சுவை இது. உண்மை இதைவிடச் சுவையானது. 1770இல் குக்கின் கப்பல் பழுதடைந்து இன்றைய குயின்ஸ்லாந்தின் வடபகுதியில் பல வாரம் நின்றது. அங்கு வாழ்ந்தோரின் மொழி கூகு யிமிதிர். அம்மொழியில் ஒரு குறிப்பிட்ட பெரிய கங்காரு வகைக்குக் ‘கங்குரு’ என்றே பெயர். 1820இல் அதே இடத்துக்கு வந்த பிலிப் பார்க்கர் கிங் வேறொரு சொல்லைக் குறித்துச் சென்றார். அது உண்ணத்தகும் விலங்கைக் குறிக்கும் பொதுச்சொல்லாக இருக்க வேண்டும். இந்த முரண்பாட்டிலிருந்தே ‘புரியவில்லை’ என்ற கட்டுக்கதை வளர்ந்தது. 1970களில் ஜான் ஹாவிலண்ட் அம்மொழியைக் களத்தில் ஆராய்ந்து பழைய பதிவு சரியானதே என்று காட்டினார். குக்கோடு பயணம் செய்து அச்சொல்லைப் பதிவு செய்தவருள் ஒருவர் ஜோசப் பேங்க்ஸ். கதைத்தலைவியின் குடும்பப் பெயரும் அதுவே, தற்செயலாகவும் இருக்கலாம். கூகு யிமிதிர் மொழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது மீண்டும் வரும்.

இரண்டாவது, வடமொழிச் சொல் பற்றியது. தனக்குப் பதிலாக அழைக்கப்படவிருக்கும் மற்றோர் அறிஞரிடம், போரைக் குறிக்கும் வடமொழிச் சொல்லையும் அதன் பொருளையும் கேட்டுவருமாறு லூயிஸ் வெபரிடம் கூறுகிறார். ‘கவிஷ்டி’ என்ற சொல்லுக்குப் பூசல் என்று அவர் பொருள் கூறினாராம். லூயிசோ, மேலும் பசுக்களை விரும்புதல் என்று பொருள் கூறி வென்றுவிடுகிறார். அச்சொல் வேதமொழியில் உள்ளதே. பசுவை விழைதல் என்பதே அதன் சொற்பிறப்பு. போரின் தொடக்கம் ஆநிரை கவர்தல் என்பதை வெட்சித்திணை படித்த தமிழ் மாணவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மொழியியல் நோக்கில் இக்காட்சி ஒரு சறுக்கல். சொல்லின் பிறப்பு வேறு, பயன்பாட்டில் அது தரும் பொருள் வேறு. ‘நாற்றம்’ என்பது பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. அதனால் இன்று ஒருவரிடம் ‘உங்கள் வீட்டில் நாற்றம் அடிக்கிறது’ என்று கூறிவிட்டுத் தொல்காப்பியரைத் துணைக்கழைக்க முடியாது. இவ்வேறுபாட்டை முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்க வேண்டியவரே லூயிஸ்தான்.

இதற்கு மாறாக, கதையின் திருப்புமுனையாக அமையும் சொல்மயக்கம் மிகச் செம்மையானது. எழுகாலிகள் எழுதிய ஒரு தொடர் ‘ஆயுதம் அளிக்கிறோம்’ என்று பெயர்க்கப்படுகிறது. நாடுகள் அஞ்சிப் படை திரட்டுகின்றன. ஆயுதத்துக்கும் கருவிக்கும் அவர்களிடம் ஒரே குறி இருக்கலாமே என்கிறார் லூயிஸ். ஆங்கிலம் பேசுவோர்க்கு இதை விளக்கப் படம் பாடுபடுகிறது. நமக்கு அந்த இடர் இல்லை. ஆயுத பூசையன்று நம் வீடுகளில் பொட்டிட்டு வைக்கப்படுபவை அரிவாளும் திருப்புளியும் தையல் இயந்திரமும் பாடநூலும். ஆயுதம் என்ற ஒரே சொல் போர்க்களத்தையும் தொழிற்கூடத்தையும் சேர்த்தே குறித்து நிற்க, அதைக் கேட்டு எவரும் அஞ்சுவதில்லை. சீனர்கள் மாஜோங் ஆட்டக் காய்களைக் கொண்டு உரையாடுகிறார்கள் என்று அறிந்த லூயிஸ், ஆட்டத்தின் வழியே மொழியைக் கற்பித்தால் ஒவ்வொரு பேச்சும் வெற்றி தோல்வி பற்றியதாகிவிடும் என்று எச்சரிப்பதும் ஏற்கத்தக்கதே. கற்பிக்கும் சூழல் கற்கும் சொற்களுக்கு வரம்பிடும் என்பது வகுப்பறையில் நிற்பவர் அறிந்த ஒன்று.

வட்ட எழுத்து

எழுகாலிகளின் எழுத்து மைச்சுழல் போன்ற வட்டம். தொடக்கமும் முடிவும் அதில் இல்லை. ஒரு முழுத்தொடரும் ஒரே நேரத்தில் எழுதப்படுகிறது. அவர்களின் பேச்சுக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை என்கிறது படம். கணிதக் குறிகள் ஓரளவு இத்தகையவை. 5 என்று எழுதினால் தமிழர் ஐந்து என்பர், மலாய்க்காரர் லீமா என்பர், சீனர் ஊ என்பர், குறி ஒன்றே. ஆனால் ஒரு முழுமொழிக்கு இவ்வாறு ஒலியை முற்றிலும் விட்டு நிற்கும் எழுத்தை மனிதர்கள் உருவாக்கியதில்லை. சீன எழுத்தைப் பலர் கருத்தெழுத்து என்று எண்ணுகிறார்கள். அதிலும் மிகப் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒலியைச் சுட்டும் பகுதி உண்டு. வேற்றுக்கோளினருக்கு நம் வரம்பு பொருந்த வேண்டியதில்லை என்பதால் இதைக் குறையாகக் கொள்ளேன். மாயன் மொழிகளை ஆராயும் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெசிகா கூன் படக்குழுவுக்கு அறிவுரை வழங்கினார் என்பதும், எழுத்துருக்கள் வெறும் அலங்காரமாக இல்லாமல் உறுப்புகளாகப் பிரித்தறியத்தக்கவாறு வரையப்பட்டன என்பதும் பாராட்டுக்குரியவை. குறை வேறிடத்தில் உள்ளது. எழுத்து கிடைத்ததும் பேச்சைப் படம் ஏறக்குறைய மறந்துவிடுகிறது. அத்தனை அருமையாக அமைக்கப்பட்ட எழுகாலிகளின் குரலுக்கு எவரும் ஒலியன் அட்டவணை ஒன்றைக்கூட வரைந்ததாகத் தெரியவில்லை.

மொழி காலத்தை மாற்றுமா?

இனி, படத்தின் மையக் கருத்து. மொழி சிந்தனையை வரையறுக்கிறது என்னும் கொள்கையை எட்வர்ட் சபீர், பெஞ்சமின் லீ ஹோர்ஃப் ஆகிய இருவர் பெயராலும் வழங்குவர். இருவரும் சேர்ந்து அப்படியொரு கருதுகோளை எழுதியதில்லை. பெயர் பின்னர் வந்தது. ஹோர்ஃப் தீக்காப்புறுதி நிறுவனம் ஒன்றில் ஆய்வாளராகப் பணியாற்றியவர். ‘வெற்றுப் பீப்பாய்’ என்று எழுதியிருந்த பெட்ரோல் பீப்பாய்களுக்கு அருகில் தொழிலாளர்கள் அஞ்சாமல் புகைபிடித்ததை அவர் கவனித்தார். நிறைந்த பீப்பாயைவிட ஆவி நிரம்பிய வெற்றுப் பீப்பாயே ஆபத்தானது. ‘வெற்று’ என்ற சொல் அவர்களை ஏமாற்றியது. இந்த அளவில் அவர் கூற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பியரின் மொழியில் நம்மைப் போன்ற காலக் கருத்தே இல்லை என்று அவர் மேலும் சென்றார். 1983இல் எக்கெஹார்ட் மலோட்கி ஹோப்பியின் காலச் சொற்களையும் கால இலக்கணத்தையும் அறுநூறு பக்கங்களுக்கு மேல் தொகுத்து அதை மறுத்தார். ‘அரைவல்’ எடுத்துக்கொண்டிருப்பது மறுக்கப்பட்ட இந்த வலுவடிவத்தையே. புதிய இலக்கணத்தைக் கற்றவுடன் லூயிசுக்கு எதிர்காலம் தெரியத் தொடங்குகிறது.

நம் அருகிலேயே இதற்கு எதிர்ச்சான்றுகள் உள்ளன. மலாய் வினைக்குக் கால விகுதி இல்லை. ‘மாக்கான்’ என்பதே உண்டான், உண்கிறான், உண்பான் மூன்றுக்கும் வரும். ‘சூடா மாக்கான்’ என்று கேட்கும் அண்டை வீட்டார் நாம் ஏற்கெனவே உண்டுவிட்டோமா என்றுதான் கேட்கிறார். காலத்தில் அவருக்குக் குழப்பமில்லை. இந்தியில் ‘கல்’ என்பது நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். கடன் கொடுத்தவர் எவரும் இவ்விரண்டையும் மாற்றி உணர்ந்ததில்லை. தமிழின் வரலாறு இன்னும் நல்ல சான்று. சங்கப் பாடல்களில் ‘கின்று’ என்னும் நிகழ்கால இடைநிலையைக் காண்பது அரிது. பழந்தமிழ் வினை இறந்தது, இறவாதது என இருபாற்பட்டு நின்றது என்பதே வரலாற்று மொழியியலாரின் கொள்கை. அதே காலத்து இலக்கணமான தொல்காப்பியமோ காலம் மூன்று என்கிறது. வினையில் தெளிவான தனிவடிவம் இல்லாதபோதும் நிகழ்காலம் சிந்தனையில் இருந்தது. மேலும், இன்னும் நடக்காததை விரைவு கருதி இறந்த காலத்தால் கூறலாம் என்றும் தொல்காப்பியம் விதிக்கிறது. உண்டுகொண்டிருப்பவனை வெளியிலிருந்து அழைத்தால், கைகழுவும் முன்பே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறான். அவன் எதிர்காலத்தைக் கண்டவன் அல்லன்; அவசரத்தில் இருப்பவன்.

ஆயின் மொழிக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. முன்னே குறிப்பிட்ட கூகு யிமிதிர் மொழியில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பேசும் வழக்கம் இல்லை; எல்லாம் திசைகளே. உங்கள் வடக்குக் கைக்கு அருகில் கோப்பை இருக்கிறது என்பது போலப் பேச வேண்டும். அதற்காக அவர்கள் எந்நேரமும், மூடிய அறைக்குள்ளும், திசையறிந்தே இருக்கிறார்கள். லூயிஸ் கங்காரு கதைக்காக எடுத்தாண்ட மொழியே, அவர் நம்பும் கொள்கையின் மிதமான வடிவத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று. அது படத்தில் வரவேயில்லை.

மற்றொரு சான்று தீபகற்ப மலேசியாவின் காட்டிலேயே உள்ளது. ஜஹாய் என்னும் பழங்குடியினர் வண்ணங்களுக்குப் பெயரிடும் அதே எளிமையோடு மணங்களுக்கும் பெயரிடுகிறார்கள் என்று அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகியோர் 2014இல் காட்டினர். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகியவற்றின் சுரீரென்ற வாடைக்கு அவர்களிடம் ஒரே வினைச்சொல் உண்டு. (நமக்கும் கவிச்சி, முடை, மொச்சை எனச் சில உள்ளன, பயன்படுத்துவோர் குறைந்துவருகின்றனர்.) இது மொழியின் ஆற்றலா, வாழ்க்கையின் ஆற்றலா? 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. செமாக் பெரி, செமலாய் என்னும் இரு மக்களின் மொழிகள் நெருங்கிய உறவுடையவை. காட்டில் வேட்டையாடியும் பொருள் சேகரித்தும் வாழும் செமாக் பெரியர் மணங்களை எளிதாகப் பெயரிட்டனர். பயிரிட்டு வாழும் செமலாயர் அவ்வாறு செய்யவில்லை. மொழியுறவு ஒன்றே, வாழ்முறை வேறு. சொற்களஞ்சியத்தை வாழ்முறையே செதுக்கியிருக்கிறது.

இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மொழியே மனத்தை ஆக்குகிறது என்னும் கூற்று மேடைக்கு இனியது. ஆனால் அது இருபுறமும் வெட்டும். ஒரு மொழியில் ஒரு சொல் இல்லை, ஆகவே அம்மக்களிடம் அப்பண்பு இல்லை என்று பிறரை இழிவுசெய்யவும் அதுவே உதவும். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாட்டால் தமிழர் உறவுணர்வில் சிறந்தவர் என்று பேசுவோர், மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என்று அதே வேறுபாடு இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்நாட்டில் வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். தமிழில் பேசாதவன் தமிழனாகச் சிந்திக்க இயலாது என்று மேடையில் முழங்கினால், கீழே அமர்ந்திருக்கும் அப்பிள்ளை தன்னிடம் ஏதோ ஓர் உறுப்பே குறைகிறது என்று எண்ணிக்கொள்கிறது. சான்றில்லாத ஒரு கொள்கைக்காகப் பிள்ளைகளை அப்படிச் சுடுவதற்கு நமக்கு உரிமையில்லை. அப்பிள்ளைக்குக் காட்ட வேண்டியது படத்தின் முற்பகுதி: சொல் புரியாத ஒருத்தி, திரைக்கு முன் நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் பெறும் பகுதி.

காட்சிக்குக் காலம் காட்டும் இடைநிலை இல்லை

கொள்கையில் தவறினாலும், கலையில் இப்படம் அக்கொள்கையைவிட நுட்பமானது. மகள் பிறந்து, வளர்ந்து, நோயுற்று இறக்கும் காட்சிகள் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகின்றன. முதலில் வந்ததால் அவற்றை இறந்த காலம் என்று நாம் கொள்கிறோம். அவ்வாறு கொள்ளச் செய்தது எது? தமிழ் வினையில் ‘த்’, ‘கின்று’, ‘வ்’ என்று காலம் காட்டும் உறுப்பு உண்டு. திரைக்காட்சிக்கு அத்தகைய உறுப்பு எதுவும் இல்லை. வரிசையைக் கொண்டும் ஏமி ஆடம்சின் சோர்ந்த முகத்தைக் கொண்டும் நாமே காலத்தை இட்டு நிரப்பினோம். இறுதியில் அது தவறென்று அறிந்ததும் எல்லாக் காட்சிகளையும் ஒரு நொடியில் மாற்றி அடுக்கிக்கொள்கிறோம். பரபரப்புக் கதைக்குரிய திருப்பத்தை வெடிகுண்டால் அன்றிக் காட்சி இலக்கணத்தால் நிகழ்த்தியது பெரும் சாதனை. காலக்குறி இல்லாத ஊடகத்திலும் பார்வையாளர் காலத்தைக் கைவிடவில்லை என்பதையும் அது கூடவே காட்டிவிடுகிறது. தன் கொள்கைக்கு எதிரான சோதனையைப் படம் தன் பார்வையாளர் மீதே நடத்தி முடித்துவிட்டது என்று சொல்லலாம்.

மகளின் பெயர் ஹன்னா. ஆங்கில எழுத்தில் இருபுறமும் ஒன்றாகப் படிக்கப்படும் பெயர் அது. நம் மாலைமாற்று போன்றது. தமிழில் எழுதினால் அந்நயம் மறைந்துவிடும். ‘விகடகவி’ என்று பெயர் வைக்கலாம். எந்தத் தாய் வைப்பாள்?

மூலக்கதையோடு ஒப்பிட்டால் திரைக்கதையின் விரிசல்கள் தெரியும். சியாங்கின் கதையில் போர் முனைப்பு இல்லை, குண்டு வெடிப்பு இல்லை. ஒளி எப்போதும் மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியிலேயே செல்லும் என்னும் ஃபெர்மாவின் விதியே அதன் அடித்தளம். நீருக்குள் புகும் ஒளி சேருமிடத்தை முன்னரே அறிந்தது போல வளைகிறது. இயற்கையைக் காரணத்திலிருந்து விளைவுக்கும் விளக்கலாம், விளைவை முன்வைத்தும் விளக்கலாம். இரண்டும் ஒரே இயற்பியல். எழுகாலிகள் இரண்டாவது வழியில் உலகைக் காண்பவர்கள். படம் இவ்விதியைக் கைவிட்டதால் அவர்களின் காலப்பார்வைக்கு அடித்தளம் இல்லாமல் போயிற்று. இயற்பியலாளர் இயனுக்கும் செய்வதற்கு அதிகம் இல்லாமல் போயிற்று. கதையில் லூயிஸ் எதிர்காலத்தை அறிகிறார். அதை மாற்ற அவ்வறிவைக் கருவியாக்குவதில்லை. படமோ இறுதியில் தொலைபேசிக்கு ஓடுகிறது. பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடக்கும் ஒரு விருந்தில் சீனத் தளபதி ஷாங் தன் தொலைபேசி எண்ணையும், இறக்கும்போது தன் மனைவி கூறிய சொற்களையும் லூயிசிடம் கூறுகிறார். அதை இப்போதே நினைவுகூர்ந்து, இப்போதே அழைத்து, லூயிஸ் போரை நிறுத்துகிறார். அவர் அழைத்ததால்தான் விருந்து நடந்தது. விருந்து நடந்ததால்தான் அவர் அழைக்க முடிந்தது. தன் வாலைத் தானே விழுங்கும் இந்த முடிச்சைப் பார்க்கும் நேரத்தில் ஏற்றுக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்து நினைத்தால் ஏற்க முடிவதில்லை. படைவீரர் சிலர் கலனில் குண்டு வைப்பது இதைவிட மேலோட்டமானது. அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

அந்தத் தொலைபேசி அழைப்பில் ஒரு செய்தி என்னை விடாமல் தொடர்கிறது. லூயிஸ் மாண்டரின் மொழியில் பேசுகிறார். அச்சொற்களே உலகைக் காக்கின்றன. திரையின் அடியில் மொழிபெயர்ப்பு வரவில்லை. போரில் வென்றவர் எவரும் இல்லை, கைம்பெண்களே மிஞ்சுவர் என்ற பொருளில் அத்தொடர் அமைந்தது என்று திரைக்கதையாசிரியர் பின்னர் தெரிவித்தார். முழுக்க முழுக்க மொழிபெயர்ப்பைப் பற்றிய ஒரு படம் தன் மிக முக்கியமான தொடரை மொழிபெயர்க்காமல் விட்டது குறையா நிறையா என்று என்னால் இன்னும் முடிவுசெய்ய இயலவில்லை. நம் ஊர்த் திரையரங்கில் பக்கத்து இருக்கையில் மாண்டரின் அறிந்த ஒருவர் அமர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; என்ன சொன்னாள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.